பான்ஸ் லாபிரிந்த்: அந்த ஃபான் நிஜமா, அந்தப் பொண்ணோட கற்பனையா?

பேய், பூதம், மந்திரம்னு வர்ற கதைங்கள எடுத்துக்கிட்டா பெரும்பாலும் ரெண்டு மாதிரிதான் இருக்கும். ஒண்ணு, முதல் சீன்லயே இந்த உலகத்துல மந்திரம் உண்டுன்னு கதையே சொல்லிடும், நாமளும் சரின்னு ஒத்துக்கிட்டு உக்காந்துடுவோம், பாம்பு மனுஷியா மாறுனாலும் கத்தி தானா பறந்தாலும் யாரும் எதிர்க்கேள்வி கேக்க மாட்டோம். இன்னொண்ணு, முக்கால்வாசி படம் வரைக்கும் கதவு தானா தொறக்கும், சலங்கை சத்தம் கேக்கும், நமக்கு கை காலெல்லாம் ஜில்லுனு ஆகும், கடைசில ஒரு டாக்டர் வந்து இது பேய் இல்ல இந்தப் பொண்ணுக்கு மனசுல ஒரு பாதிப்புன்னு உக்கார வெச்சு விளக்கிடுவாரு. ரெண்டுமே நமக்கு நல்லா பழகுனதுதான்.

இந்த ரெண்டுக்கும் நடுவுல மூணாவதா ஒண்ணு இருக்கு. கதை எந்தப் பக்கமும் சாயாது, நிஜமா நடந்துச்சான்னு கேட்டா ஆமாங்குறதுக்கும் காரணம் இருக்கும், இல்லங்குறதுக்கும் காரணம் இருக்கும், படம் முடிஞ்சு லைட் போட்டதுக்கு அப்பறமும் நம்மால ஒரு முடிவுக்கு வர முடியாது. இத பத்தி முறையா யோசிச்சு எழுதுனவரு த்ஸ்வெதான் தொதொரோவ். பல்கேரியால 1939ல பொறந்து பாரிஸ்ல போய் செட்டில் ஆன இலக்கிய ஆய்வாளர், 1970ல இது சம்பந்தமா பிரெஞ்சுல ஒரு புத்தகம் போட்டாரு. அவரு சொன்னத ரொம்ப சிம்பிளா சொல்லணும்னா, உண்மையான ஃபேண்டஸிங்குறது பூதத்துலயோ மந்திரக்கோல்லயோ இல்ல, படிக்கிறவன் மனசுல வர்ற தயக்கத்துல இருக்கு. இயற்கை விதிப்படி வெளக்கிடலாமா, இல்ல விதியையே மாத்திக்கணுமான்னு நீங்க முழிச்சுக்கிட்டு நிக்கிற அந்த நேரம் இருக்குல்ல, அதுதான் ஃபேண்டஸி. பதில் கெடச்ச அடுத்த நிமிஷம் அது கரைஞ்சு போயிடும், ஒண்ணு பேய்க்கதை ஆயிடும், இல்லேன்னா மனநோய்க்கதை ஆயிடும். அதனாலதான் கடைசி வரைக்கும் தயக்கத்த காப்பாத்துற கதைங்க ரொம்ப கம்மி. ஹென்றி ஜேம்ஸ் 1898ல எழுதுன தி டர்ன் ஆஃப் த ஸ்க்ரூ அப்படி ஒண்ணு, அதுல வர்ற பேய்ங்க நிஜமா, இல்ல குழந்தைங்கள பாத்துக்க வந்த அந்த டீச்சரம்மாவோட மனசு பண்ற வேலையான்னு இன்னிக்கு வரைக்கும் சண்டை ஓயல.

சினிமால இதுக்கு எனக்குத் தெரிஞ்ச நல்ல உதாரணம் கியர்மோ டெல் டோரோ எடுத்த பான்ஸ் லாபிரிந்த். மெக்சிகோக்காரரு ஸ்பெயின்ல போய் ஸ்பானிஷ்ல எடுத்த படம், 2006 மே மாசம் பிரான்ஸ்ல நடக்குற கான் திரைப்படத் திருவிழால மொத தடவை போட்டாங்க, படம் முடிஞ்சதும் ஜனங்க எழுந்து நின்னு இருபது நிமிஷத்துக்கும் மேல கைதட்டுனாங்க. அடுத்த வருஷம் ஒளிப்பதிவு, கலை இயக்கம், மேக்கப்புன்னு மூணு ஆஸ்கார். உலகம் பூரா தூக்கி வெச்சு கொண்டாடுன படம். எனக்கும் ரொம்பப் பிடிக்கும், அதே சமயம் இந்தப் படத்து மேல எனக்கு சில விஷயங்கள்ல மனசு ஒட்டவே இல்ல, ரெண்டையும் சேத்துதான் சொல்லப்போறேன், ஏன்னா தயக்கம்ங்குற இந்த கான்செப்ட் எங்க வேலை செய்யுது, எங்க செய்யலங்குறத ரெண்டையும் வெச்சாதான் காட்ட முடியும். கிளைமாக்ஸ் உட்பட எல்லாத்தையும் பேசப்போறேன், இன்னும் பாக்காதவங்க பாத்துட்டு வந்து படிச்சா நல்லது.

கதை நடக்குறது 1944ல. ஸ்பெயின் உள்நாட்டுப் போர் 1939லயே முடிஞ்சுபோச்சு, ஜெயிச்ச ராணுவத் தளபதி ஃபிராங்கோ சர்வாதிகாரியா நாட்ட ஆளுறாரு, தோத்தவங்கள்ல கொஞ்சம் பேரு மலைக்காட்டுக்குள்ள ஒளிஞ்சு கெரில்லாவா சண்டை போடுறாங்க. அவங்கள வேட்டையாட காட்டு ஓரத்துல ஒரு பழைய ஆலைல ராணுவம் முகாம் போட்டிருக்கு, அதுக்கு தலைவன் கேப்டன் விடால். அவன ரெண்டாந்தாரமா கட்டிக்கிட்ட கார்மென் நெறமாச கர்ப்பத்தோட அங்க வர்றாங்க, கூட அவங்க மொதப் புருஷனுக்குப் பொறந்த பொண்ணு ஒஃபீலியா. பயணம் ஆகாத நிலமைல கர்ப்பிணிய ஏன் வரச்சொன்னீங்கன்னு டாக்டர் கேட்டா, மகன் அப்பன் இருக்குற எடத்துலதான் பொறக்கணும்ங்குறான் விடால். பொறக்கப்போறது பையன்தான்னு அவனே முடிவு பண்ணிட்டான்.

ஆலை பக்கத்துல கல்லால கட்டுன ஒரு பழங்கால வளைபாதை இருக்கு, உள்ள போனா வழி சுத்திச் சுத்தி போகும். அங்கதான் ஒஃபீலியா ஃபான பாக்குறா. ஆட்டுக்காலும் கொம்புமா மரப்பட்டை மாதிரி தோலோட ஒரு பழைய ஜீவன். நீ பாதாள ராஜ்ஜியத்தோட இளவரசி, பௌர்ணமிக்குள்ள மூணு வேலைய முடிச்சா உன் அப்பா அம்மா கிட்ட திரும்பிப் போகலாம்னு அது சொல்லுது. அத்தி மரத்து வேருக்கு அடில ஒரு ராட்சச தவளை வயித்துல இருக்குற சாவிய எடுக்கணும், அப்பறம் ஒரு கத்திய எடுக்கணும், மூணாவது என்னன்னு கடைசிலதான் தெரியும். இந்தப் பக்கம் இது நடக்க நடக்க, அந்தப் பக்கம் கேப்டன் ஆளுங்கள சித்ரவதை பண்றான், வேலைக்காரி மெர்சிடிஸ் யாருக்கும் தெரியாம காட்டுல இருக்குற தம்பிக்கு சாப்பாடும் மருந்தும் கடத்துறா.

இப்ப தயக்கத்துக்கு வருவோம். ஃபான் வெறும் கற்பனைன்னு சொல்றவங்க கைல இருக்குற பெரிய ஆதாரம் கிளைமாக்ஸ்ல வருது. ஒஃபீலியா தம்பிப் பாப்பாவ தூக்கிக்கிட்டு வளைபாதைக்குள்ள நின்னு ஃபான் கூட பேசிட்டு இருக்கா, பின்னாடி வந்த விடால் பார்வைல ஒரு ஷாட், அங்க ஃபானே இல்ல, பொண்ணு வெறும் காத்துகிட்ட பேசிட்டு நிக்குறா. அவ்வளவுதான், கேஸ் முடிஞ்சுதுன்னு தோணும். ஆனா அதுக்குக் கொஞ்சம் முன்னாடி என்ன நடந்துச்சுன்னு கவனிங்க, அம்மாக்கு டாக்டர் குடுத்த தூக்க மருந்த ஒஃபீலியாதான் விடால் கிளாஸ்ல ஊத்தி வெச்சா, அத குடிச்சிட்டு தள்ளாடிக்கிட்டே துரத்திட்டு வர்றவன் கண்ணு வழியா காட்டுன ஷாட் அது. மயக்கத்துல இருக்குறவன சாட்சியா நம்ப முடியுமா? சரி, அவன் தெளிவா இருந்திருந்தாலும், பூதம் நம்புறவங்க கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்னு ஒரு விதி இருந்தா என்ன பண்றது? இந்த ஒரே ஷாட்ட ரெண்டு பக்கமும் படிக்கலாம், அதுதான் தொதொரோவ் சொன்ன எடம்.

இந்தப் பக்கம், ஃபான் நிஜம்தான்னு சொல்றவங்களுக்கு சாக்பீஸ். ஒஃபீலியாவ ரூம்ல போட்டு பூட்டிட்டாங்க, வாசல்ல காவலுக்கு ஆள் நிக்கிறான். ஃபான் சாக்பீஸ் குடுத்து நீயே ஒரு கதவ வரைஞ்சுக்கோங்குது, அடுத்து பாத்தா அவ கேப்டனோட ரூம்ல இருக்கா. கற்பனைன்னா பூட்டுன ரூம விட்டு எப்படி வெளிய வந்தா? படம் அதுக்கு வேற வழி எதையும் காட்டல. காட்டலங்குறதுக்காக வேற வழியே இல்லன்னும் சொல்லிட முடியாது, ஒரு கலவரமான ராத்திரி அது, காட்டுல இருக்குறவங்க முகாம தாக்க வந்துட்டாங்க, காவலுக்கு நின்னவன் நின்ன எடத்துலயே இருந்தானான்னு யாரு பாத்தா.

எனக்கு இதெல்லாத்த விடவும் பிடிச்சது மாண்ட்ரேக் வேர். அம்மாக்கு ரத்தப்போக்கு நிக்க மாட்டேங்குது, ஃபான் மனுஷக் குழந்தை மாதிரி இருக்குற ஒரு வேரக் குடுத்து, இத பால்ல போட்டு அம்மா கட்டிலுக்கு அடில வை, தினமும் ரெண்டு சொட்டு ரத்தம் விடுங்குது. ஒஃபீலியா அப்படியே பண்றா, அம்மா தேறிடுறாங்க, எப்படின்னே தெரியலன்னு டாக்டரே ஆச்சரியப்படுறாரு, ஆனா அதே டாக்டர் மருந்தும் குடுத்துட்டுதான் இருந்தாரு. அப்பறம் விடால் கட்டிலுக்கு அடில இருந்து அத கண்டுபிடிச்சு கத்துறான், அவன் போனதும் அம்மா பொண்ண உக்கார வெச்சு மந்திரமெல்லாம் கெடையாதும்மா, உனக்கும் இல்ல எனக்கும் இல்ல யாருக்கும் இல்லன்னு சொல்லிக்கிட்டே வேர தூக்கி நெருப்புல போடுறாங்க. வேர் அலறிக்கிட்டு சுருளுது, அதே நொடி அம்மா வயித்தப் புடிச்சிக்கிட்டு விழுறாங்க. பிரசவத்துல பையன் பொழைக்கிறான், அவங்க போயிடுறாங்க. நெறமாச கர்ப்பிணிக்கு அந்த ராத்திரி வலி வந்தது யதேச்சையா இருக்கலாம், வேர எரிச்சதுனாலயும் இருக்கலாம், அந்த அலறல நாம கேட்டோம் ஒஃபீலியா கேட்டா, அம்மா கேட்டாங்களான்னு தெரியாது. மந்திரம் இல்லன்னு சொன்ன வாயோட அந்தம்மா விழுறத பாக்கும்போது எந்தப் பக்கம் நின்னாலும் வலிக்குது, நிஜம்னா பொண்ணோட கைல இருந்த ஒரே மருந்த அம்மாவே எரிச்சிட்டாங்க, கற்பனைன்னா அந்தக் குழந்தை ஆயுசுக்கும் அப்படித்தான் நம்பிக்கிட்டு இருக்கப்போகுது.

டெல் டோரோ பல பேட்டிகள்ல, என்னைப் பொறுத்தவரைக்கும் ஒஃபீலியா பாத்தது எல்லாம் நிஜம்தான்னு சொல்லிட்டாரு, சாக்பீஸையும் கடைசில அந்த அத்தி மரத்துல பூக்குற பூவையும் அவரே ஆதாரமா காட்டுவாரு. அப்போ தயக்கம் தீந்துபோச்சான்னு கேட்டா, என் அபிப்பிராயத்துல இல்ல. டைரக்டர் பேட்டில சொல்றது அவரோட நம்பிக்கை, அத மதிக்கணும்னு கேக்க அவருக்கு உரிமையும் இருக்கு, ஆனா படத்துக்குள்ள அவரு மயக்கத்துல இருக்குறவன் பார்வை ஷாட்ட வெட்டாம விட்டுட்டாரு. தனக்கு எதிரான சாட்சியையும் படத்துக்குள்ள வெச்ச அந்த நேர்மைதான் இந்தப் படத்த பெரிய படமா ஆக்குது.

ரெண்டு உலகத்தையும் கோத்த விதத்த பத்தி ஒரு சீன வெச்சு சொல்றேன், ஏன்னா தயக்கம்ங்குறது கதைல மட்டும் இல்ல, செட்டுலயும் கேமராலயும் கூட உருவாக்கணும். கேப்டன் ஒரு விருந்து வெப்பான், நீளமான மேசை, தலைமாட்டுல அவன், முதுகுக்குப் பின்னாடி நெருப்பு எரியுது, மேசை பூரா சாப்பாடு. ஊர் ஜனங்களுக்கு ரேஷன் கார்டுல குடுக்குற அளவ இன்னும் கொறைக்கலாம்னு பேசிக்கிறாங்க. கூட உக்காந்து சாப்பிடுற பாதிரியாரு, கெரில்லாக்கள பத்தி, கடவுள் அவங்க ஆன்மாவ ஏற்கெனவே காப்பாத்திட்டாரு, உடம்புக்கு என்ன ஆனாலும் அவருக்கு அது பெருசில்லங்குறாரு. அப்பறம் ஒஃபீலியா ரெண்டாவது வேலைக்காக சாக்பீஸ் கதவு வழியா ஒரு எடத்துக்குப் போறா, அங்கயும் அதே மாதிரி நீள மேசை, அதே மாதிரி பின்னாடி நெருப்பு, மேசை பூரா பழமும் கறியும், தலைமாட்டுல வெளுத்த தோல் தொங்கத் தொங்க ஒருத்தன் அசையாம உக்காந்திருக்கான், முகத்துல கண்ணு இல்ல, கண்ணு ரெண்டும் முன்னாடி ஒரு தட்டுல இருக்கு, எழுந்தான்னா அத எடுத்து உள்ளங்கைல பொருத்திக்கிட்டு கைய முகத்துக்கு நேரா விரிச்சுப் பாப்பான். சுவத்துல அவன் குழந்தைங்கள திங்குற ஓவியம், மூலைல குட்டிக் குட்டி ஷூக்கள் குவிஞ்சு கெடக்கு. இவனும் கேப்டனும் ஒண்ணுதான்னு யாரும் வசனம் பேசல, மேசையும் நெருப்பும் சொல்லிடுது. இவனாவும் ஃபானாவும் நடிச்சது டக் ஜோன்ஸ்ங்குற ஒரே ஆளுதான், அமெரிக்கக்காரரு, ஸ்பானிஷ் தெரியாது, இருந்தும் வசனத்த மனப்பாடம் பண்ணிட்டு வந்து நடிச்சாரு, அந்த வெளுத்த உருவத்து முகமூடில அவரு மூக்கு ஓட்டை வழியாத்தான் வெளிய பாத்தாராம்.

இங்க ஒஃபீலியா பண்றது நெறைய பேருக்கு எரிச்சலக் கெளப்பும். எதையும் தொடாத, எதையும் திங்காதன்னு ஃபான் அத்தன தடவை சொல்லி அனுப்பிருக்கு, இவ ரெண்டு திராட்சைய எடுத்து வாய்ல போட்டுக்குறா, அவன் முழிச்சிக்கிறான், கூட வந்த தேவதைங்கள்ல ரெண்ட தலையக் கடிச்சுத் தின்னுடுறான். எங்க அண்ணியோட இந்தப் படத்த பாத்தப்ப அண்ணி டிவிய பாத்து கத்திட்டாங்க. "ஏண்டீ, அவ்ளோ சொல்லியும் கேக்காம திங்குறியே"ன்னு. நான் சொன்னேன், "அண்ணி, நீங்க பசில இருந்தா என்ன பண்ணுவீங்க?" ஏன்னா முன்னாடி ஒரு நாள் தவளைய தேடிப்போயி புது டிரெஸ் சேறானதுக்கு அவள ராத்திரி சாப்பாடு இல்லாம படுக்க வெச்சாங்க, அந்த நாடே அப்ப பசில கெடந்துச்சு, ஸ்பெயின்ல 1939ல ஆரம்பிச்ச ரேஷன் கார்டு 1952 வரைக்கும் ஓடுச்சு. அண்ணி கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்பறம் "பசின்னா அப்பறம் என்ன, திங்கத்தான் செய்யும்"னாங்க. ஆனா அதே அண்ணிதான் பாட்டில் சீன்ல எழுந்து போயி திரும்பி வர பத்து நிமிஷம் ஆச்சு, அத நான் தப்புன்னே சொல்ல மாட்டேன்.

பாட்டில் சீன்லதான் என்னோட மனத்தாங்கல் ஆரம்பிக்குது. முயல் புடிக்க வந்தோம்னு சொல்ற ஒரு அப்பாவும் மகனும் ராணுவத்துகிட்ட மாட்டுறாங்க. விடால் ஒரு பாட்டில எடுத்து மகன் மூஞ்சில அடிக்கிறான், அடிச்சிக்கிட்டே இருக்கான், கேமரா நகரல, அப்பறம் அப்பாவையும் சுட்டுட்டு பைக்குள்ள கைய விட்டா முயல் இருக்கு. அடுத்த தடவை என்கிட்ட கொண்டு வர்றதுக்கு முன்னாடி ஒழுங்கா சோதனை பண்ணுங்கடான்னு ஆளுங்கள திட்டிட்டுப் போயிடுறான். இந்த ஆள் எப்பேர்ப்பட்டவன்னு காட்ட ஒரு சீன் வேணும்தான், முயல் பைல இருந்து வர்ற அந்தக் கணம் போதும். முகம் சிதையுறத அவ்வளவு நேரம் காட்டுனது வேணுமான்னு எத்தன தடவை யோசிச்சாலும் வேணாம்னுதான் எனக்குத் தோணுது. பின்னால மெர்சிடிஸ் அவன் வாய கத்தியால கிழிச்சதும் அவன் கண்ணாடி முன்னாடி நின்னு தானே தையல் போட்டுக்குறது, அங்கயும் இதே நெலமைதான்.

இன்னொண்ணு இதவிட முக்கியம். ஃபான் விஷயத்துல அவ்வளவு தயங்குற படம், கேப்டன் விஷயத்துல ஒரு நொடி கூட தயங்கல. ஃபான் நல்லதா கெட்டதா, நம்பலாமா கூடாதான்னு கடைசி வரைக்கும் நமக்கு சந்தேகம் இருக்கும், விடால் மேல எந்த சந்தேகமும் வராது, முழுசா கெட்டவன். அவனுக்குன்னு ஒரே ஒரு விரிசல் குடுத்திருக்காங்க, அவங்க அப்பாவோட கடிகாரம், போர்க்களத்துல சாகும்போது அத ஒடைச்சிட்டாராம், வீரன் எந்த நேரத்துல எப்படி சாவான்னு மகன் தெரிஞ்சுக்கணும்னு. அந்தக் கடிகாரத்த விடால் ராத்திரில தனியா உக்காந்து துடைச்சுத் துடைச்சு பாப்பான். அங்க ஒரு மனுஷன் எட்டிப் பாக்குறான், படம் அங்க இன்னும் கொஞ்சம் நின்னிருக்கலாம். பாசிசத்துக்கு என்ன தயக்கம், அதுல ரெண்டு பக்கம் பாக்கணுமான்னு சில பேரு கேப்பாங்க, நியாயமான கேள்விதான். நான் அவன மன்னிக்கச் சொல்லல. இப்படி ஒருத்தன் எப்படி உருவானாங்குறது தெரிஞ்சா பயம் இன்னும் அதிகமாகும்.

அதே சமயம் படத்துக்கு இதுல ஒரு திட்டம் இருக்குங்குறதையும் சொல்லணும். விடாலோட உலகமே சந்தேகம் இல்லாத உலகம், உத்தரவு போட்டா செய்யணும். சித்ரவதைல துடிக்கிற ஒரு கைதிய டாக்டர் ஊசி போட்டு வலியில்லாம சாக விடுறாரு, ஏன் என் உத்தரவ மீறுனன்னு விடால் கேக்குறான், எதையும் யோசிக்காம கேள்வி கேக்காம கீழ்ப்படியறது உங்கள மாதிரி ஆளுங்களால மட்டும்தான் முடியும் கேப்டன்னு சொல்லிட்டு டாக்டர் திரும்பி நடக்குறாரு, முதுகுல சுட்டுடுறான். இத மனசுல வெச்சிக்கிட்டு மூணாவது வேலைய பாருங்க. ஃபான் தம்பிப் பாப்பாவோட ரத்தம் ஒரு சொட்டு வேணும்ங்குது, கத்தியோட நிக்குது, ராஜ்ஜியம் கண்ணு முன்னாடி இருக்கு, ஒஃபீலியா முடியாதுங்குறா. திராட்சை தின்னப்ப மீறுனதும் மீறல்தான், இதுவும் மீறல்தான். யாரு சொல்றாங்கங்குறதுக்காக செய்யாம, நின்னு யோசிக்கிறதுதான் தயக்கம், அப்போ இது பாக்குற நம்ம மனசுல மட்டும் நடக்குற விஷயமா இல்லாம கதைல வர்ற அந்தப் பொண்ணோட குணமாவும் ஆயிடுது. இந்த ஒரு கோணத்துக்காகவே நான் இந்தப் படத்த விட்டுக்குடுக்க மாட்டேன்.

முடிவு. விடால் பாப்பாவ பிடுங்கிக்கிட்டு ஒஃபீலியாவ சுட்டுடுறான், அவ ரத்தம் வளைபாதை நடுவுல இருக்குற கெணத்துக்குள்ள சொட்டுது, அடுத்த காட்சில தங்க நெறத்துல ஒரு மண்டபம், சிவப்பு ஷூ போட்டுட்டு நிக்கிறா, ராஜாவும் ராணியும் உக்காந்திருக்காங்க, வேற ஒருத்தன் ரத்தத்துக்குப் பதிலா உன் ரத்தத்த குடுத்ததுதான் கடைசிப் பரீட்சைன்னு சொல்றாங்க. அப்பறம் திரும்பவும் கல் தரை, மெர்சிடிஸ் தாலாட்டு பாடி அழுறா. எனக்கு இங்க பெரிய குழப்பம். தங்க மண்டபம் நிஜம்னா, ஒரு குழந்தை சுட்டுக் கொல்லப்பட்டதுக்கு ஏதோ பரிசு குடுத்து சமாதானம் பண்ணிட்ட மாதிரி ஒரு உறுத்தல். கற்பனைன்னா, சாகப்போற குழந்தைக்கு கடைசி நிமிஷத்துல வந்த கனவு, அத பாக்கவே முடியல. தயக்கம் கதைல எங்க வேணும்னாலும் அழகா இருக்கும், ஒரு குழந்தையோட சாவுல அத வெக்கலாமாங்குறதுக்கு எனக்கு இன்னும் பதில் கெடைக்கல, ஒரு தடவை பாக்கும்போது சரின்னு தோணும், இன்னொரு தடவை கோவம் வரும்.

வரலாறு தெரிஞ்சா இந்தக் குழப்பம் இன்னும் கூடும். படத்துல அந்த ராத்திரி கெரில்லாக்கள் ஜெயிக்கிறாங்க, ஆலை எரியுது, நான் எத்தன மணிக்கு செத்தேன்னு என் மகன்கிட்ட சொல்லுங்கன்னு விடால் கேக்க, உன் பேரு கூட அவனுக்குத் தெரியாதுன்னு மெர்சிடிஸ் சொல்ல, சுட்டுடுறாங்க. நமக்கு அப்பாடான்னு இருக்கும். ஆனா நிஜத்துல காட்டுல இருந்தவங்க தோத்துட்டாங்க, 1950கள் ஆரம்பத்துலயே அந்த எதிர்ப்பு கிட்டத்தட்ட முடிஞ்சுபோச்சு, ஃபிராங்கோ 1975 நவம்பர்ல சாகுற வரைக்கும் ஆண்டாரு. அதாவது கதைல அந்தக் காட்டு வெற்றிக்கு அப்பறம் இன்னும் 31 வருஷம். ஸ்பெயின்ல இந்தப் படத்த பாத்தவங்களுக்கு இது யாரும் சொல்லித் தரவேண்டிய விஷயம் இல்ல. இந்த வெற்றியும் பாதாள ராஜ்ஜியம் மாதிரி நடந்திருக்க வேண்டியது, நடக்காததுன்னு அவங்க பாத்திருப்பாங்க, அப்படி யோசிச்சா யதார்த்தம்னு நாம நெனச்ச பாதியும் தயக்கத்துக்குள்ள வந்துடுது.

பாக்கணும்னு முடிவு பண்ணீங்கன்னா, ஃபேண்டஸின்னு போட்டிருக்குன்னு வீட்டுல சின்னப் பசங்கள கூட்டி வெச்சுக்கிட்டு உக்காந்துடாதீங்க, அமெரிக்காலயே இதுக்கு ஆர் ரேட்டிங்தான் குடுத்தாங்க, அதாவது பதினேழு வயசுக்குக் கீழ இருக்குறவங்க பெரியவங்க கூட இல்லாம பாக்கக்கூடாது. டப்பிங் வேண்டாம், ஸ்பானிஷ்லயே பாருங்க, இங்கிலீஷ் சப்டைட்டில டெல் டோரோவே உக்காந்து எழுதிருக்காரு. மொத ஷாட்ட மட்டும் தவறவிட்டுடாதீங்க, செல்ஃபோன கீழ வெச்சிட்டு பாருங்க, கீழ கெடக்குற ஒஃபீலியா மூக்குல இருந்து வழிஞ்ச ரத்தம் திரும்ப உள்ள போகும், படம் அங்கேயே முடிவ சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்குது. பிடிச்சிருந்தா அவரே 2001ல எடுத்த தி டெவில்ஸ் பேக்போன் பாருங்க, அதுவும் அதே உள்நாட்டுப் போர் காலம்தான், ஒரு அனாதை இல்லம், அங்க ஒரு பையனோட ஆவி, ஆனா அதுல பேய் இருக்குங்குறதுல படத்துக்கு எந்த சந்தேகமும் இல்ல, ரெண்டையும் அடுத்தடுத்து பாத்தா தொதொரோவ் பிரிச்ச பிரிவு உங்களுக்கே தனியா விளங்கும்.